பழையகாயல்: நம் ஆற்று முகத்தில் மறைந்த பட்டினம்

(பொன்விழாவை ஒட்டி ஆலய வளாகத்தில் நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பங்கின் ஐம்பதாண்டுக் கதையை நமக்கு முன் பேசியவர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். முதல் கோயில் ஓலைக் கூரையில் இருந்தது முதல் இன்றைய கோபுரம் வரை எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஆகவே, விழாக் குழுவினர் விரும்பியபடி, நாம் சற்றுத் தள்ளிப் போவோம். காலத்தில் எழுநூறு ஆண்டு தள்ளி. இடத்தில் அவ்வளவு தூரமில்லை. தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம் வரைதான்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் பேருந்தில் ஏறினால், முள்ளக்காட்டு உப்பளங்களைத் தாண்டிச் சிறிது நேரத்தில் பழையகாயல் வரும். கல்யாணம், கருமாதி என்று அவ்வழியே நாம் எத்தனையோ முறை போய்வந்திருக்கிறோம். 2009இல் அங்கே ஜிர்கோனியம் ஆலை வந்தபின் ஊரின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது. மற்றபடி அது பத்தோடு பதினொன்றான ஓர் ஊர். ஆயின் கி.பி. 1292, 1293ஆம் ஆண்டு வாக்கில் சீன தேசத்திலிருந்து கடல்வழியே தாயகம் திரும்பிக்கொண்டிருந்த வெனிஸ் நகரத்து வணிகர் மார்க்கோ போலோ, இந்த ஆற்று முகத்தில் ஒரு மாநகரைக் கண்டார். ‘காயில்’ என்று அதன் பெயரை எழுதிவைத்தார். மேற்கே ஓர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் இங்கே தொட்டுச் செல்லும் என்றும், வணிகர்கள் பல திசைகளிலிருந்தும் இங்கே வந்து கூடுவர் என்றும் அவர் கூறுகிறார். இங்குள்ளவர்கள் எப்போதும் எதையோ மென்றுகொண்டே இருக்கிறார்கள், அதன் பெயர் ‘தெம்புல்’ என்கிறார். தாம்பூலத்தைத்தான் சொல்கிறார். எழுநூறு ஆண்டுகளில் நம்மவர் கைவிடாத பழக்கம் அது ஒன்றுதானோ என்னவோ!

காயல் என்றால் கடலை ஒட்டிய உப்பங்கழி. அந்தப் பெயரை இன்று மூன்று ஊர்கள் தாங்கி நிற்கின்றன: பழையகாயல், காயல்பட்டினம், புன்னைக்காயல். இம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்ட ஆசிரியர்கள் பலர். முதன்முதலில் ஆராய்ந்து, மார்க்கோ போலோவின் காயல் பழையகாயலே என்று நிறுவ முயன்றவர் பிஷப் கால்டுவெல். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். இடையன்குடியில் இருந்து உழைத்த ஆங்கிலிக்கன் சபைக் குரு. ஆயினும் திருநெல்வேலிச் சீமையின் சரித்திரத்தைப் பேச எழுகிற எவரும் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். 1870களில் அவர் கொற்கையிலும் பழையகாயலிலும் நேரில் சென்று அகழ்ந்தும் நடந்தும் பார்த்தார். பழையகாயலைச் சுற்றிப் பல மைல் தூரத்துக்கு, மாரமங்கலத்தை நோக்கி, வயல்களிலும் மேடுகளிலும் உடைந்த ஓடுகளும் பானைச் சில்லுகளும் சிதறிக் கிடக்கக் கண்டார். அவற்றிடையே சீனத்துப் பீங்கான் துண்டுகளும் அரபு நாட்டு மட்பாண்டத் துண்டுகளும் இருந்தன. அங்கு வாழ்ந்தவர்களோ, தங்கள் ஊர் ஒரு காலத்தில் கடல் கடந்து வாணிகம் செய்த இடம் என்பதையே மறந்துபோயிருந்தார்கள். மனிதர் மறந்ததை மண் மறக்கவில்லை.

காயல்பட்டினமே அந்தக் காயல் என்று வாதிடும் அறிஞர்களும் உளர். அங்கே பழமையான பள்ளிவாசல்களும் இடைக்காலக் கல்வெட்டுகளும் உண்டு. கடல் வாணிகத்தின் நினைவும் அம்மக்களிடம் அறாமல் இருக்கிறது. நமக்குத் தோன்றுவது இதுதான்: ஆற்று முகத்துத் துறை என்பது ஒரே இடத்தில் அறைந்து வைத்த முளை அன்று. ஒரு காலத்தில் ஒரு கழியில் கப்பல் நிற்கும்; கழி தூர்ந்தால் அடுத்த கழிக்குப் போகும். ஒரே காலத்தில் இரண்டு மூன்று துறைகள் ஒரே பெயரில் வழங்கியிருப்பதும் இயலாததன்று. எந்த ஊருக்கு உரிமை என்ற வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

இந்தக் காயலுக்கு ஒரு தாய்நகரம் உண்டு. அது கொற்கை. சங்கப் பாடல்கள் புகழும் முத்துக் கொற்கை அதுவே. கிரேக்கர்கள் ‘கொல்கோய்’ என்று எழுதியதும் அதையே. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், இக்கடலில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. முத்து மாலையைப் பாடியவர்கள் பலர். மூச்சை அடக்கி மூழ்கியவனைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலர். 1968இல் தமிழகத் தொல்லியல் துறையினர் கொற்கையில் அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 785 என்று காலம் காட்டியது. பிறகு 53 ஆண்டுகள் கழித்து, 2021இல்தான் மறுபடியும் அங்கே மண்வெட்டி இறங்கிற்று.

இன்று கொற்கைக்குப் போனால் வாழைத் தோட்டமும் நெல் வயலும் குளமும்தான் தெரியும். கடல் அங்கிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கால்டுவெல் அங்கே தோண்டியபோது சில அடி ஆழத்திலேயே கடற்சிப்பிகள் கலந்த அடுக்கு வந்தது. நாம் இன்று நாற்று நடும் இடத்தில் அன்று அலை அடித்திருக்கிறது.

இதைச் செய்தது யார்? நம் தாமிரபரணிதான். பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிவரும் இந்த ஆறு, இரு பருவ மழையிலும் வெள்ளம் காண்பது. மலையிலிருந்து உருட்டிவந்த மணலையும் வண்டலையும், ஓட்டம் தளரும் ஆற்று முகத்தில் அது இறக்கிவைக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம்தான். ஆயினும் ஆயிரம் ஆண்டுக்கு அது ஓர் ஊர் அளவு. கடல் பின்வாங்கிற்று என்று நாம் சொல்கிறோம். உண்மையில் நிலம் முன்னேறிற்று. கொற்கை தூர்ந்தது, கப்பல்கள் கிழக்கே காயலுக்கு நகர்ந்தன. காயல் தூர்ந்தது, புன்னைக்காயலுக்கு நகர்ந்தன. அதுவும் பெரிய கப்பலுக்கு உதவாதபோது, ஆற்று வண்டலின் தொல்லை குறைந்த தூத்துக்குடி தலையெடுத்தது. நம் வயிற்றுக்குச் சோறு போடும் அந்த வண்டலே ஒரு பட்டினத்தின் வாயில் மண் போட்டது. இந்த ஆறு எவ்வளவு கொண்டுவரும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நாமே கண்ணால் கண்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல், ஆத்தூர், திருவைகுண்டம் எல்லாம் நீரில் நின்றன; திருச்செந்தூர் ரயில் திருவைகுண்டம் நிலையத்தில் பயணிகளோடு அகப்பட்டுக்கொண்டது. அப்படிப்பட்ட வெள்ளம் எழுநூறு ஆண்டில் எத்தனை வந்திருக்கும்!

இனி அந்தப் பட்டினம் எதனால் செழித்தது என்று பார்ப்போம். இரண்டு பொருள்களால்: முத்து, குதிரை. கடலிலிருந்து எடுத்ததைக் கொடுத்து, கடல் கடந்து வந்ததை வாங்கினார்கள்.

அக்காலத்தில் மதுரையில் ஆண்டவர் மாறவர்மன் குலசேகர பாண்டியர். 1268 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாண்டவர். பாண்டிய நாட்டில் பாண்டிய மரபினர் ஐவர் சேர்ந்து ஆண்டதாக மார்க்கோ போலோ எழுதுகிறார். அவர்களில் மூத்தவருக்கு உரியது காயல். படைக்குக் குதிரை வேண்டும். நம் நாட்டிலோ நல்ல குதிரை பிறப்பதில்லை. எனவே பாரசீக வளைகுடாவிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் ஒரு கணக்கே கொடுக்கிறார். கிஷ் தீவின் தலைவர் மாலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் தம் சொந்தக் குதிரைகளில் 1,400 அனுப்புவதாக ஒப்பந்தம். மற்ற இடங்களிலிருந்து வருவனவும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் காயலிலும் அடுத்த துறைகளிலும் இறங்கின. ஒரு குதிரையின் விலை செம்பொன் 220 தினார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் அதே விலையைக் கொடுத்தாக வேண்டும்! பெருக்கிப் பாருங்கள்: ஆண்டுக்கு 22 லட்சம் தினார். இந்தப் பணம் கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்தும், கோயிலைச் சார்ந்த கணிகையர் மீது விதித்த வரியிலிருந்தும் போயிற்று என்றும் வாசாப் எழுதுகிறார். ஜமாலுத்தீனின் தம்பி தக்கியுத்தீன் அப்துர் ரஹ்மான் காயல் முதலிய துறைகளைப் பாண்டியருக்காக மேற்பார்த்தார். விற்பவர் அண்ணன், துறையைக் காப்பவர் தம்பி!

வந்த குதிரைகளின் கதி என்ன? மார்க்கோ போலோவும் வாசாப்பும் இதில் ஒன்றுபோலப் பேசுகிறார்கள். நம்மவருக்குக் குதிரையை வளர்க்கத் தெரியவில்லை. புல்லும் கொள்ளும் கொடுக்க வேண்டியதற்கு, தானியத்தை வேகவைத்து நெய் கலந்து ஊட்டினார்கள். பாசத்தில் குறையில்லை; குதிரைதான் தாங்கவில்லை. லாடம் அடிக்கிறவனோ வைத்தியனோ இல்லை. அரசர்கள் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரை வாங்கினால், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லையாம். குதிரை வணிகர்கள் வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றும் மார்க்கோ போலோ சொல்கிறார். குதிரை செத்தால்தானே மறு வருஷம் வியாபாரம்! குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன் வேறு வழியில் செலவான கதையும், நரி பரியான கதையும் பாண்டிய நாட்டுப் பழங்கதைகளில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். குதிரைக்காகப் பொன் போவது இந்நாட்டின் பழைய வலி.

முத்துப் பக்கம் திரும்புவோம். இதில்தான் நம் கடற்கரை உறவினரின் மூதாதையர் வருகிறார்கள். ஏப்ரல் முதல் மே பாதிவரை முத்துக்குளிப்புக் காலம். வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து தோணிகள் எடுத்து, குளியாட்களைக் கூலிக்கு அமர்த்திப் பார்களுக்குப் போவார்கள். கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, மந்திரத்தால் பெரிய மீன்களின் வாயைக் கட்டுகிற பிராமணர்களுக்கு. அந்த மந்திரம் பகலில் மட்டும். இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், எவரும் இருட்டில் இறங்கித் திருட்டுத்தனமாகக் குளிக்காதிருக்க! பிற்காலத்தில் இவ்வேலை செய்தவரைக் ‘கடல்கட்டி’ என்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் ஒரு வேடிக்கையை எழுதியிருக்கிறார். மன்னார்ப் பக்கத்து முத்துக்குளிப்பில் தலைமுறை தலைமுறையாகச் சுறாவுக்கு வாய்க்கட்டுப் போடும் குடும்பத்தின் தலைவர், அவர் காலத்தில் ஒரு ரோமன் கத்தோலிக்கராம்! குருவானவர் அதற்கு என்ன சொன்னார் என்று அவர் எழுதவில்லை.

அரசனுக்கு ஒரு பங்கு, மந்திரத்துக்கு ஒரு பங்கு, மீதி வணிகருக்கு. குளித்தவனுக்கோ கூலி. கொற்கைக் காலத்துக் கைதிக்கும் காயல் காலத்துக் கூலிக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஓடியும், கல்லைக் கட்டிக்கொண்டு அடிக்கடல் போனவன் கையில் முத்து நிற்கவில்லை. இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. காயலின் பெருமையைப் பேசும் எவரும் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும் என்கிறோம்.

அந்நாட்டில் நீதி அறவே இல்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். மார்க்கோ போலோ கண்ட ஒரு வழக்கம் நம் இளைஞர்களுக்குப் பிடிக்கும். கடன் வாங்கியவன் இன்று நாளை என்று இழுத்தடித்தால், கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவான். கடனைத் தீர்க்காமல், அல்லது தகுந்த பிணை கொடுக்காமல், அவன் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்டனை. ஒரு நாள் அரசரே ஓர் அயல்நாட்டு வணிகருக்குப் பாக்கி வைத்திருந்தார். கேட்டுக் கேட்டுச் சலித்த அந்த வணிகர், அரசர் குதிரைமேல் வந்தபோது அவரையும் குதிரையையும் சேர்த்துச் சுற்றிக் கோடு கீறிவிட்டார். பணம் வந்து சேரும்வரை அரசர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை என்கிறார் மார்க்கோ போலோ. அயல்நாட்டார் இக்கரையை நம்பிச் சரக்கோடு வந்ததற்கு முத்து மட்டும் காரணமன்று.

அந்த அரச குடும்பத்தைப் பற்றியும் அவர் ஒன்று எழுதினார். சகோதரர்கள் சண்டைக்கு எழும்போதெல்லாம் அவர்களின் தாய் குறுக்கே வந்து, உங்களுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்துக்கொள்வேன் என்று சொல்லித் தடுப்பாளாம். அவள் மறைந்தபின் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வார்கள் என்று அவர் கணித்தார். கணிப்பு வேறொரு வழியில் பலித்தது. 1310ஆம் ஆண்டு வாக்கில் குலசேகரரை அவர் மகன் சுந்தர பாண்டியனே கொன்றதாக வாசாப் எழுதுகிறார். சுந்தரனும் வீரனும் அரியணைக்கு மோதிக்கொண்டிருந்த வேளையில், 1311இல் மாலிக் காபூரின் டில்லிப் படை மதுரைவரை வந்து கருவூலத்தை வாரிச் சென்றது. குதிரைகளும் கைமாறின.

அதோடு காயல் அழிந்துவிடவில்லை என்பதுதான் வியப்பு. அரசு போயும் துறை நின்றது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் ஹோ என்னும் சீனக் கப்பற்படைத் தலைவர் சென்ற நாடுகளின் வரிசையில் காயலும் இருக்கிறது. இத்தாலியர் நிக்கோலோ கோன்டி இதைக் குறித்தார். 1516ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய போர்த்துக்கீசியர் பார்போசா, இது அப்போது கொல்லத்து அரசருக்கு உரியதாக இருந்தது என்றும், முத்து வரியைக் குத்தகைக்கு எடுத்த பெருஞ்செல்வரான முஸ்லிம் ஒருவர் இங்கு இருந்தார் என்றும் கூறுகிறார். பிறகுதான் இறக்கம். 1510இல் கோவாவைப் பிடித்த போர்த்துக்கீசியர் குதிரை வாணிகத்தை அங்கே திருப்பிக்கொண்டார்கள். கடலில் அவர்கள் சீட்டு இல்லாமல் கப்பல் போக முடியாத காலம் வந்தது. கழியோ நாளுக்கு நாள் தூர்ந்துகொண்டிருந்தது. முற்றுகையும் இல்லை, தீயும் இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் வரும் கப்பல்கள் சில குறைந்தன, அவ்வளவுதான்.

நம் திருச்சபை வரலாறு இவ்விடத்தில் வந்து இணைகிறது. முத்துக் குளிக்கும் உரிமைபற்றிப் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் 1530களில் கடும் பகை மூண்டது. இரு தரப்பிலும் இரத்தம் சிந்திற்று. அப்போது கன்னியாகுமரிப் பக்கம் வந்தவர் ஜான் டி குரூஸ் என்பவர். கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் ஆளாகப் போர்த்துக்கல் சென்று அங்கே ஞானஸ்நானம் பெற்றவர். அவர் வந்த காரியம் என்ன தெரியுமா? குதிரை விற்க வந்தார்! போர்த்துக்கீசியரின் துணையை நாடுங்கள் என்று பரதவருக்கு யோசனை சொன்னவர் அவரே. பட்டங்கட்டிமார் கொச்சிக்குச் சென்றார்கள். 1536, 1537 ஆண்டுகளில் கரையோர ஊர்களில் சுமார் 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். காயலை வளர்த்த குதிரை வாணிகத்தின் வால்பிடித்து வந்த ஒருவர் சொன்ன சொல்லில், முத்துக்குளித்துறையின் சரித்திரம் திரும்பிற்று.

மறைக்கல்வி அறியாத அம்மக்களிடம் 1542இல் புனித சவேரியார் வந்தார். அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்வோம். முத்துக்குளித்துறையின் வரியில் ஆண்டுக்கு 4,000 பணம், போர்த்துக்கல் அரசி கத்தரீனாளின் காலணிச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதை உபதேசியார்களின் சம்பளத்துக்கு அவர் கேட்டு வாங்கினார். மோட்சத்துக்கு ஏற இந்தக் கரையின் குழந்தைகளைவிட நல்ல காலணி அரசிக்குக் கிடையாது என்பது அவர் எழுதிய கடிதத்தின் கருத்து. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மூழ்கி எடுத்த முத்தின் வருவாயில் ஒரு சிறு பகுதி, மூழ்கியவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்தும் செபமும் கற்பிக்கத் திரும்பி வந்தது. புன்னைக்காயலில் நெடுங்காலம் உழைத்த ஹென்றிக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சானபோது, அச்சுக்கு வேண்டிய பொருளைத் தந்ததில் இக்கரைப் பரதவருக்குப் பெரும்பங்கு உண்டு. அடிகளார் 1600இல் மறைந்தார்.

அந்நாளைய சச்சரவை இன்று கிளறுவதற்காக இதை நாம் சொல்லவில்லை. காயல்பட்டினத்துச் சகோதரர்களின் முன்னோர் கப்பலோட்டினார்கள். நம் கடற்கரை உறவினரின் முன்னோர் கடலில் குதித்தார்கள். உள்நாட்டார் அரிசி கொடுத்தார்கள். இவர்களில் ஒருவரை எடுத்துவிட்டால் காயல் இல்லை. ஒரு தரப்பார் மட்டும் சொல்லும் காயல் கதை, ஒற்றைத் துடுப்புத் தோணிபோல வட்டமடிக்குமே தவிரக் கரை சேராது.

நமக்குக் கவலை வேறொன்றில் இருக்கிறது. கால்டுவெல் நடந்துபார்த்த மேடுகளில் இன்று வீடுகள் எழுகின்றன, பாத்தி கட்டுகிறார்கள், பொக்லைன் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் புரட்டுவதை அன்று பத்துப் பேர் பத்து நாளில் புரட்டியிருக்க மாட்டார்கள். அஸ்திவாரத்தில் வந்த பீங்கான் சில்லு மண்ணோடு மண்ணாய் லாரியில் போகிறது. காசு கிடைத்தால் ஆற்றுப்பக்கம் வரும் பழங்காசு வாங்கிகள் கையில் போய்ச் சேருகிறது. எந்த வயலில், எத்தனை அடி ஆழத்தில் என்ற விவரம் அதோடு போய்விடுகிறது. அந்த விவரம் போனால் காசு வெறும் செம்புதான். கொற்கையை அடுத்து அக்கசாலை என்றே ஓர் இடம் இருக்கிறது. நாணயம் அடித்த இடம் என்று பொருள். இப்படிப் புலப் பெயர், குளப் பெயர், மேட்டுப் பெயர் தெரிந்த முதியவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். வரைபடத்தில் அவர்கள் சொல்லும் பெயர்கள் கிடையாது. சர்வே எண்தான் உண்டு.

மன்னார்க் கடலின் இந்தப் பக்கத்தில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன்பின் பார்களில் குளிக்கத்தக்க அளவு சிப்பி சேரவில்லை. அதைப் பார்த்தவர்கள் சிலர் இன்று இக்கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். கல் கட்டிய கயிறு, மண்டாடி பிடித்த பிடி, கரையில் சிப்பி அழுகிய நாற்றம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். நம் பங்கின் இளைஞர்கள் சிலர் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு நோட்டு நிறைந்துவிட்டது.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அவர்கள் ஒரு வேனில் கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் என்று இறங்கி ஏறி வர ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இடம் குறைவு, முதியோருக்கு முதலில். குடிதண்ணீரும் குடையும் கொண்டுவாருங்கள். வயலில் சில்லு கண்டால் கையில் எடுத்துப் பாருங்கள், பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.